1/35 காலாட்படை சிப்பாய் பொம்மை: உடுப்பையும் சாமானையும் என்ன ஒழுங்கில போடுறது (முழு வழிகாட்டி)

ஞாயிறு பின்னேரங்கள்ல வெள்ளவத்தையில எங்கட வீட்டு மேசையில நாலைஞ்சு பேர் சேந்து மொடல் செய்யிறம். டாங்கி, ஜீப் எல்லாம் புதுசா வாறவைக்கும் ஓரளவு வடிவா வந்திடுது. ஆனா பக்கத்தில நிக்கிற அந்த 5 சென்ரிமீற்றர் ஆள் (1/35 எண்டா உண்மையான ஆளை 35ஆல பிரிச்ச அளவு) எண்டு வந்தோண்ண எல்லாரும் ஒரே மாதிரித்தான் பிழை விடுறாங்கள்: பெட்டியில இருக்கிற பௌச் (சாமான் வைக்கிற சின்னப் பை), ஹெல்மெட், ரக்சாக் (பெரிய முதுகுப் பை) எல்லாத்தையும் ஒரே இருப்பில ஒட்டிப்போட்டு மேலால ஒரு பச்சை அடிக்கிறது. ஆள் சாமான் தூக்கின மாதிரி இருக்காது, சாமானோட சேந்து முளைச்ச மாதிரி இருப்பார்.

இதில இருக்கிறது ஒரே ஒரு விசயம் தான். சிப்பாய் என்ன ஒழுங்கில உடுப்புப் போடுறாரோ அதே ஒழுங்கில நீங்களும் போடுங்கோ, தோல்ல தொடங்கி வெளியால. எது எதுக்குக் கீழ போகுது, எதை எந்தக் கை எட்டோணும், எது எவ்வளவு பாரம் எண்டு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

1. ஆள் ஆர், எந்த வருசம், என்ன வேலை

பெட்டியை வெட்டமுதல் ஒரு துண்டுப் பேப்பரில மூண்டு விசயம் எழுதுங்கோ: எந்த நாடு, எந்த வருசம், என்ன வேலை. இதை விட்டிட்டுத் தொடங்கினா பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் "இது சரியோ" எண்டு நிண்டு யோசிக்கோணும்.

வருசம் ஏன் முக்கியம் எண்டா காமோ, அதாவது ஆளை மறைக்கிற திட்டு நிற உடுப்பு, மாறிக்கொண்டே இருக்கு. அமெரிக்க ஆமி 2004ல யூசிபி எண்ட சாம்பல்-பச்சை-மணல் நிறச் சதுரக் காமோவுக்குப் போச்சு. ஆப்கானிஸ்தான் போற ஆக்களுக்கு 2010ல இருந்து மல்டிகேம் எண்ட பச்சை-மண்ணிறத் திட்டுக் காமோ குடுத்தவை. 2015 ஜூலையில இருந்து கிட்டத்தட்ட அதே மாதிரியான ஓசிபி வந்து, 2019 ஒக்டோபரோட பழைய யூசிபி முழுசா நிண்டது. பிரிட்டிஷ்காரர் 2010ல எம்டிபி எண்ட தங்கட காமோவுக்கு மாறினவை. மல்டிகேமுக்கும் ஓசிபிக்கும் வித்தியாசம் இருக்கு தான், ஆனா 1/35ல அதைக் கண்டுபிடிக்கிற ஆளோட நீங்கள் வாதாடத் தேவையில்லை.

ஒரு பொது விதி: புது ஆளிட்ட பழைய சாமான் இருக்கலாம், பழைய ஆளிட்ட புதுச் சாமான் இருக்க ஏலாது. மல்டிகேம் உடுப்புக்கு மேல பழைய சாம்பல்-பச்சைப் பௌச் ஒண்டு தொங்குறது படங்கள்ல தாராளமாக் காணலாம், ஏனெண்டா ஸ்டோர்ஸில இருக்கிறதைத் தான் குடுப்பாங்கள். ஆனா 2005 ஈராக் ஆளுக்கு 2019 ஹெல்மெட் போட்டா கதை முடிஞ்சுது. எங்கட மேசையில ஒரு தம்பி ரெண்டு பெட்டியில மிஞ்சின துண்டுகளைச் சேத்து ஒராளைச் செய்தவர், வடிவான வேலை, ஆனா அந்த ஆள் எந்த வருசத்திலயும் இருந்திருக்க ஏலாது.

வேலை எண்டு சொல்லுறது ரைபிள்காரனோ, மெஷின்கன்காரனோ, காயத்துக்கு மருந்து கட்டுற மெடிக்கோ எண்டது. பௌச் எல்லாம் இதை வச்சுத்தான் மாறும். மெடிக்குக்குப் பை பெருசு, மெஷின்கன்காரனுக்கு நீளமான மகசின் (தோட்டா அடைச்சுத் துவக்கில மாட்டுற கூடு) பௌச்சுக்குப் பதிலாத் தோட்டாப் பட்டி போடுற பெட்டி மாதிரிப் பைகள்.

படம் தேடேக்க அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமே வெளியிடுற படங்கள் கனக்க இருக்கு, திகதியும் இடமும் கீழ எழுதியிருக்கும், அது தான் உங்களுக்குத் தேவை. ஒரே ஆக்கள்ட முன், பக்கம், முதுகு மூண்டும் கிடைக்கும் வரை தேடுங்கோ. முதுகுப் படம் இல்லாமத் தொடங்கினவை எல்லாரும் முதுகில தான் மாட்டுப்பட்டவை.

இன்னொண்டு, எங்கட ஊருக்கு மட்டும். "நேரில பாத்துப் படம் எடுப்பம்" எண்டு செக்பொயின்ட்டில நிக்கிற ஆமிக்காரரை ஃபோனில எடுக்கப் போகாதீங்கோ. அதே மாதிரி உண்மையான காமோ ஜக்கெட் ஒண்டு வாங்கி வச்சுப் பாத்து அடிப்பம் எண்டும் வேண்டாம், இஞ்ச சிவிலியன் ஆக்கள் காமோ போடுறது சட்டப்படி பிழை, பார்சல்ல வந்தாலும் கஸ்டம்ஸில பதில் சொல்லோணும். படம் காணும்.

2. மேசைக்கு வரமுதல் இருக்கவேண்டியது

கூரான கத்தி, சைட் கட்டர், 400ல இருந்து 1000 வரை ஈரத்தில தேய்க்கிற சாண்ட்பேப்பர், ட்வீசர், பிளாஸ்டிக் பசை, சுப்பர் குளூ, 0 அல்லது 1 நம்பர் பிரஷ். மூண்டு சைபர் பிரஷ் வாங்காதீங்கோ. மெல்லிசா இருந்தா மெல்லிசாக் கீறலாம் எண்டு தான் எல்லாரும் நினைக்கிறது, ஆனா அதில பெயின்ட் நிக்காது, பொம்மைக்குக் கொண்டுபோக முதலே நுனியில காய்ஞ்சிடும். நல்ல நுனி உள்ள 1 நம்பர் பிரஷ் கண்ணையே கீறும்.

வார் செய்யிறதுக்கு மாஸ்கிங் டேப்பும், களிம்பு மருந்து வாற அலுமினிய ட்யூபும் எடுத்து வையுங்கோ. ட்யூபை வெட்டி விரிச்சு, கழுவி, கண்ணாடி மேல வச்சு உருட்டினா அருமையான தகடு. மடிச்சா மடிச்ச இடத்தில நிக்கும், டேப் அப்பிடி நிக்காது.

வேர்னியர் கலிப்பர் ஒண்டு புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகள்ல மலிவா வாங்கலாம், பிளாஸ்டிக் ஆனாலும் பரவாயில்லை. இந்த அளவில உண்மையான 35 மில்லிமீற்றர் உங்களுக்கு 1 மில்லிமீற்றர். எல்லாத்தையும் 35ஆல பிரிச்சு அளந்தா கண்ணுக்குச் சரியாப்படுது எண்டு நம்பி ஏமாற மாட்டீங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் வரேக்க பெயின்ட் சொல்லி விடுறது எங்கட ஆக்கள்ட வழக்கம். தண்ணியில கரையிற அக்ரிலிக் போத்தல் சொல்லலாம், ப்ளேனில ஏத்தக் குடுக்கிற பெரிய பெட்டியில வரும். ஸ்ப்ரே பெயின்ட் கேன் சொல்லாதீங்கோ, தீப்பிடிக்கிற சாமான், ப்ளேனில ஏத்த விடமாட்டினம், மாமா எயார்போர்ட்டில நிண்டு உங்களைத் தான் பேசுவார்.

3. வெட்டுறது, கழுவுறது, ப்ரைமர்

முதல்ல அச்சுக் கோட்டைச் சுரண்டுங்கோ. ரெண்டு பாதி அச்சு சேந்த இடத்தில ஹெல்மெட், தோள், லோங்ஸ் பக்கம் எல்லாம் ஒரு மெல்லிய கோடு ஓடும். இப்ப தெரியாது, பெயின்ட் அடிச்சோண்ணத் தான் தழும்பு மாதிரி எழும்பும்.

பிறகு பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில ஒரு பழைய டூத்பிரஷ் போட்டுக் கழுவிக் காயவிடுங்கோ. அச்சில பூசின எண்ணெய் இருந்தா பெயின்ட் உரிஞ்சு வரும். பிளாஸ்டிக் இல்லாம ரெசின் எண்ட வார்ப்புப் பிசின்ல செய்த பொம்மை எண்டா தேய்க்கேக்க மாஸ்க் போடுங்கோ, ஈரத்தில தேய்யுங்கோ, அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

பிழையா அடிச்ச பெயின்டை எடுக்க நகப்பூச்சு ரிமூவரைத் தொடாதீங்கோ. அதில அசிற்றோன் இருக்கும், பிளாஸ்டிக் கரைஞ்சு முகம் மெழுகுதிரி மாதிரி வழியும். கண்ணால கண்டது. பார்மசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் காணும்.

ப்ரைமர் (பெயின்டுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) ஸ்ப்ரே தான் கொழும்பில பெரிய சோதனை. காத்தில ஈரம் கூடினா பூச்சு வெள்ளை பூத்துப்போகும், கடல் பக்க வீடெண்டா இன்னும் மோசம். விடியக் காலமை வேண்டாம், மழை பெய்து ஓய்ஞ்ச கையோடயும் வேண்டாம், நல்ல வெயில் உள்ள நாளில மத்தியானம் 12க்கும் 3க்கும் இடையில, 20 இல்லாட்டி 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிச்சு, மெல்லிசா ரெண்டு மூண்டு தரம். கார் ப்ரைமர் பாவிக்கிறதெண்டா முதல்ல துண்டுகள் ஒட்டி வாற சட்டத்தில மிஞ்சின பிளாஸ்டிக்கில அடிச்சுப் பாருங்கோ, சில கேன்கள் பிளாஸ்டிக்கை அரிக்கும்.

ஒண்டு சொல்ல மறந்திட்டன், ப்ரைமருக்கு முதலே எல்லாத்தையும் பசை இல்லாமப் பொருத்திப் பாத்திருக்கோணும். அப்பிடிப் பொருத்தேக்க என்ன பாக்கிறது எண்டது தான் அடுத்த படி.

4. பாரம் எங்க இறங்குது எண்டு பாக்கிறது

2003ல ஆப்கானிஸ்தான்ல அமெரிக்க 82வது ஏர்போர்ன் (பரசூட்டில குதிக்கிற படைப்பிரிவு) ஆக்களைத் தராசில நிறுத்தி அளந்தவை. சாதாரண ரைபிள்காரன் சண்டைக்குப் போறபோது தூக்கினது சராசரி 29 கிலோ கிட்ட, ரக்சாக்கோட நடக்கேக்க 43 கிலோ கிட்ட. காஸ் நிரம்பின பெரிய வீட்டுச் சிலிண்டரை முதுகில கட்டி ரெண்டு படி ஏறிப் பாருங்கோ, அதைவிடக் கொஞ்சம் கூடப் பாரம் தான் அந்த 29 கிலோ.

அதால ரக்சாக் போட்ட ஆள் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கமாட்டார். இடுப்பில இருந்து முன்னுக்குச் சரிவார், கழுத்து முன்னுக்கு வரும், கால் ரெண்டும் கொஞ்சம் அகலும். பெட்டியில வாற உடம்பு நேரா நிண்டா ஒண்டில் ரக்சாக்கை விட்டிடுங்கோ, இல்லாட்டி இடுப்பில வெட்டிச் சரிச்சு ஒட்டுங்கோ. பிறகு பாப்பம் எண்டு விட்டா வெஸ்ட் (குண்டு துளைக்காத மேலங்கி) ஒட்டின பிறகு ஒண்டும் செய்ய ஏலாது.

5. சப்பாத்தும் லோங்ஸும்

சப்பாத்து கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் உயரம், உங்களுக்கு 6 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. யூசிபி காலத்து ஆளுக்கு மணல் நிறம், ஓசிபிக்கு கொயோட்டி பிரவுண் எண்ட மங்கின மண்ணிறம், புதுப் பிரிட்டிஷ்காரனுக்கு மண்ணிறம். பொலிஷ் போட்ட கறுப்பு இந்த ஆக்களுக்கு இல்லை. தோல் சுவேட் மாதிரி இருக்கிறதால பளபளப்பே வரக்கூடாது.

லோங்ஸ் கீழ்ப்பக்கம் சப்பாத்துக்கு மேல இறுக்கிக் கட்டியிருக்கும், அதுக்கு மேல துணி கொஞ்சம் தொங்கி மடியும். தொடைப் பொக்கெட்டுக்குள்ள ஏதோ இருக்கோணும், தட்டையா இருந்தா இப்பத்தான் தையல்காரனிட்ட வாங்கின மாதிரி.

முழங்கால் பேட் போட்டா ரெண்டும் சரியா முழங்கால்ல நிக்கவேணும் எண்டில்லை, கனக்கப் படத்தில ஒண்டு வழுக்கிக் கணுக்காலுக்கு வந்திருக்கும். அப்பிடி ஒண்டை இறக்கி விட்டா அந்த ஆள் நடந்து வந்தவர் எண்டு பாக்கிறவைக்கு விளங்கும்.

6. சேட்

வெஸ்டுக்குக் கீழ போடுற சண்டைச் சேட்டில உடம்புப் பக்கம் காமோவே இல்லை. கைக்கும் தோளுக்கும் மட்டும் காமோத் துணி, நெஞ்சும் முதுகும் பெனியன் மாதிரி நெகிழுற ஒரே நிறத் துணி. காரணம் லேசு: மேல வெஸ்ட் மூடப்போகுது, அதுக்குக் கீழ பட்டனும் பொக்கெட்டும் இருந்தா அழுத்திப் புண்ணாக்கும், வியர்வையும் போகாது. நெஞ்சில இருந்த பொக்கெட் அதால தான் மேல்கைக்கு வந்தது.

புதுசா வாறவை விடுற பிழை, வெஸ்ட் பக்கவாட்டில தெரியிற அந்தக் கொஞ்ச இடத்திலயும் காமோ கீறுறது. அங்க ஒரே நிறம் அடிச்சு விட்டா வேலையும் மிச்சம், சரியாவும் இருக்கும்.

7. வெஸ்டும் ப்ளேட்டும்

உள்ளுக்க இருக்கிற செரமிக் ப்ளேட் எங்க நிக்குது எண்டு விளங்கினா வெஸ்ட் தானா இடத்துக்கு வரும். மீடியம் சைஸ் ப்ளேட் ஏறத்தாழ 24க்கு 32 சென்ரிமீற்றர், ஒண்டு இரண்டரைக் கிலோ. 1/35ல 6.9க்கு 9.1 மில்லிமீற்றர். அது காக்கிறது இதயத்தையும் அதைச் சுத்தின பெரிய ரத்தக் குழாய்களையும் நுரையீரலையும், வயித்தை இல்லை. அதால ப்ளேட்டின்ட மேல் விளிம்பு கழுத்துக்குக் கீழ இருக்கிற குழி மட்டத்தில நிக்கோணும்.

எல்லாரும் வெஸ்டைக் கீழ இறக்கித் தான் ஒட்டுறாங்கள், சாதாரண உடுப்பு மாதிரி பெல்ட் வரை வந்தாத் தான் சரி எண்டு கண் சொல்லும். கீழ இறங்கின வெஸ்ட் போட்டவர் குனிய ஏலாது, இருக்க ஏலாது, இதயமும் வெளியில. ஒரு மில்லிமீற்றர் மேல தூக்கினாலே ஆள் மாறிப்போவார்.

ப்ளேட் வளையாது எண்டதையும் மறக்காதீங்கோ. ஆள் திரும்பி நிண்டா துணி மடியும், நெஞ்சு நடு மடியாது. அதில சுருக்கம் செதுக்கியிருந்தா நிரப்பித் தேய்ச்சு விடுங்கோ.

8. மோலி வார்களும் பௌச்சும்

இதில தான் கூட நேரம் போகும், போகவும் வேணும்.

மோலி எண்டுறது வெஸ்டின்ட மேல கிடையாத் தைச்சிருக்கிற வரிசை வார்கள், அது தான் எல்லாச் சாமானையும் பிடிக்கிறது. ஒவ்வொரு வாரும் 1 அங்குல அகலம், வாருக்கும் வாருக்கும் இடையில 1 அங்குலம், ஒவ்வொரு ஒண்டரை அங்குலத்துக்கும் ஒரு தையல். உங்கட அளவில வார் 0.7 மில்லிமீற்றர், இடைவெளியும் 0.7, தையல் 1.1க்கு ஒண்டு. மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடியில ஒட்டி அந்த அகலத்துக்கு வெட்டி ஒவ்வொண்டா ஒட்டுங்கோ. முழு வெஸ்டுக்கும் ஒட்டாதீங்கோ, பௌச் மூடப்போற இடத்துக்கு எதுக்கு? வெளிய தெரியப்போற இடத்துக்கு மட்டும்.

பௌச்சுக்குப் பின்னால இருக்கிற வார், வெஸ்ட் வாருக்குள்ளயும் பௌச் வாருக்குள்ளயும் மாறி மாறி நுழைஞ்சு பாய் பின்னுற மாதிரிப் போகும். அப்பிடிப் பின்னினதால பௌச் ஆடாது, வெஸ்டோட ஒட்டி இருக்கும். பின்னாமத் தொங்க விட்டா ஓடேக்க அடிச்சுக்கொண்டே இருக்கும். அதால உங்கட பௌச்சுக்கும் வெஸ்டுக்கும் இடையில வெளிச்சம் தெரியக்கூடாது. பௌச் பின்பக்கத்தைத் தேய்ச்சுத் தட்டையாக்கி, வெஸ்டின்ட வளைவுக்கு ஏத்த மாதிரிக் குழியாக்கி ஒட்டுங்கோ.

தையல் ஒழுங்கு இருக்கிறதால பௌச்சை நினைச்ச இடத்தில வைக்க ஏலாது, கட்டத்துக்குள்ள தான் வைக்கலாம். ரெட்டைக் கட்டப் பௌச் எண்டா 2.2 மில்லிமீற்றர். சரிவாவும் நிக்காது. சரிஞ்சு நிக்கிற பௌச் இருந்தா அது பெல்ட்டில தொங்குறது, வெஸ்டில இல்லை.

இப்ப எங்க எது. அமெரிக்க ரைபிள்காரனுக்கு வழக்கமான கணக்கு 30 தோட்டா மகசின் 7, ஒண்டு துவக்கில, 6 பௌச்சில. வலக்கைக்காரன் சுடுற கையை எடுக்காம இடக்கையால தான் மகசின் மாத்துவான், அதால மகசின் பௌச் முன்னுக்கும் இடப்பக்கத்துக்கும் வரும். முழுக்க வலப்பக்கம் வச்சிட்டு வலக்கையில துவக்குக் குடுத்த ஆக்களை நான் எண்ணிக்கை இல்லாமக் கண்டிருக்கிறன். ஆளை இடக்கைக்காரன் ஆக்கித்தான் தப்ப வேண்டிவரும்.

முன்பக்கம் ஒரு அடுக்குக்கு மேல வேண்டாம். படுத்துச் சுடுறபோது நெஞ்சில தடிப்பா இருந்தா உடம்பு நிலத்தில இருந்து எழும்பும், அது ஆருக்கும் விருப்பம் இல்லை. தோள் முன்பக்கம், துவக்கின்ட பின்கட்டை வந்து இருக்கிற இடம், அங்கயும் ஒண்டும் வரக்கூடாது. முதுகில ஒட்டினதை அவர் தானே எடுக்க ஏலாது, பின்னால வாறவர் தான் எடுக்கோணும், ரக்சாக் போட்டா அதுவும் ஏலாது. வெறுமையா இருக்கே எண்டு முதுகை நிரப்பாதீங்கோ.

9. ஃபர்ஸ்ட் எயிட் பையும் டோர்னிகேயும்

சின்னச் சாமான், ஆனா இதைச் சரியா வச்சா விசயம் தெரிஞ்சவர் உடன கண்டுபிடிப்பார். ஒவ்வொரு ஆளிட்டயும் இருக்கிற ஃபர்ஸ்ட் எயிட் பை அவருக்காகத் தான், மற்றவருக்கு இல்லை. காயப்பட்டவர்ட பையில இருந்து எடுத்துத் தான் அவருக்குக் கட்டுறது. அதால ஒரு அணியில எல்லாரும் ஒரே இடத்தில வைப்பாங்கள், இருட்டில தேடத் தேவையில்லை. நாலு பேரைச் சேத்து நிப்பாட்டுறீங்கள் எண்டா நாலு பேருக்கும் ஒரே இடம்.

ரத்தத்தை நிப்பாட்டுற டோர்னிகே ரெண்டு கையில எதாலயும் எடுக்கக்கூடிய இடத்தில, நெஞ்சு நடுவில இல்லாட்டித் தோள் வாரில, இருக்கும். 0.7 மில்லிமீற்றர் டேப்பை மூண்டாய் மடிச்சு ஒரு குட்டிக் குச்சி ஒட்டினா முடிஞ்சுது. ஒரு கை போனா எடுக்க முடியாத இடத்தில வைக்காதீங்கோ.

10. தண்ணி, ரேடியோ

முதுகில 3 லீற்றர் தண்ணிப் பை, அதில இருந்து ஒரு குழாய் தோளுக்கு மேலால நெஞ்சுக்கு வரும். மெல்லிய வயரின்ட மேல்தோல் காணும். குழாய் தோள் வாருக்குக் கீழ போகுதோ மேல போகுதோ எண்டு படத்தில பாத்து, வார் ஒட்டமுதல் போடுங்கோ. ரேடியோ வயரும் அப்பிடித்தான், எங்கயோ தொடங்கி எங்கயோ முடியோணும், அந்தரத்தில நிக்கக்கூடாது.

11. ஹெல்மெட்

முகம் அடிச்சு முடிச்ச பிறகு தான் ஹெல்மெட் ஒட்டுறது. இல்லாட்டி கண்ணுக்கு மேல பிரஷ் போகாது.

விளிம்பு புருவத்துக்குக் கொஞ்சம் மேல, நிலத்துக்குச் சமாந்தரமா. பின்னுக்குச் சரிச்சு நெத்தி தெரிய வச்சா கிரிக்கெட் பாத்திட்டு வாறவர் மாதிரி இருப்பார், நெத்தி தான் காக்கவேண்டிய இடம். பொம்மைத் தலையில முடி செதுக்கியிருந்தா ஹெல்மெட் உயந்து நிக்கும், முடியைத் தேய்ச்சு எடுங்கோ, ஹெல்மெட் உள்பக்கத்தையும் குடைஞ்சு விடுங்கோ.

நாடி வார் காதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ரெண்டாப் பிரிஞ்சு வரும். முன்னுக்கு இரவில பாக்கிற கருவி மாட்டுற தகடு, அந்தக் கருவியை மாட்டினா பின்னுக்குப் பற்றரிப் பெட்டியோ எதிர்ப்பாரமோ வைக்கிறது வழக்கம், இல்லாட்டி ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கும். முன்னுக்கு மட்டும் வச்சவை பின்னாலயும் ஒருக்காப் பாருங்கோ.

12. ரக்சாக்

பாரமானது மேலயும் முதுகோட ஒட்டியும், நித்திரைப் பை அடியில. வார் வெஸ்டுக்கு மேலால தான் வரும், கீழால இல்லை. பாரம் இருக்கிறதால வார் தோளை அழுத்தும், அந்த இடத்தில வெஸ்டில கொஞ்சம் பள்ளம் சுரண்டி விடுங்கோ. ஒட்டமுதல் ஒரு துண்டுக் கம்பியை முதுகில ஏத்தி ரக்சாக்கில ஓட்டை போட்டு மாட்டிப் பாருங்கோ, கழட்டித் தனியா அடிச்சிட்டுப் பிறகு மாட்டலாம். துவக்குக்கும் இதே முறை.

13. நிறம்

ஃபேனை நிப்பாட்டுங்கோ. எனக்கும் தெரியும் வேர்க்கும் எண்டு, ஆனா ஃபேன் ஓடினா பெயின்ட் பிரஷ்ஷிலயே காய்ஞ்சிடும். சாப்பாட்டுப் பெட்டி மூடியில ஈர டிஷ்யூ, அதுக்கு மேல பேக்கிங் பேப்பர் போட்டு அதில பெயின்டை வையுங்கோ, மூடி வச்சா அடுத்த நாளும் ஈரமா இருக்கும். பிரஷ் வேலைக்குத் தண்ணி அக்ரிலிக் தான் நல்லம். டமியா எக்ஸ்எஃப் வகை ஸ்ப்ரேகன்னுக்கு அருமை, பிரஷ்ஷால ரெண்டாம் தரம் இழுத்தா கீழ அடிச்சதைக் கிளப்பிக்கொண்டு வரும்.

மல்டிகேம் எண்டா முதல் வெளிர் மணல் நிறம் முழுக்க. பிறகு தண்ணியாக் கரைச்ச பச்சை, கிடையா நீளமான புகை மாதிரித் திட்டுகள், ஓரம் கூர்மையா இருக்கக்கூடாது. இடையில அதே மாதிரி மண்ணிறம். இது ரெண்டும் காய்ஞ்ச பிறகு கடும் மண்ணிறத்தில சுள்ளி மாதிரிச் சின்னச் சின்னக் கோடு, கடைசியில பால் நிறத்தில அதைவிடக் கொஞ்சமா. ஒழுங்கை மாத்தாதீங்கோ, புகைத் திட்டு கீழ, கூரான கோடு மேல, துணியில இருக்கிறதும் அப்பிடித்தான். எல்லாரும் சுள்ளியைத் தான் கூடப் போட்டிடுறாங்கள், தூரத்தில பாத்தா சிறுத்தைப்புலி. ஒரு அடி தள்ளி வச்சுப் பாருங்கோ, திட்டு தனித்தனியாத் தெரியாம ஒரு கலங்கின பச்சை-மணல் நிறமாத் தெரிஞ்சா அது காணும்.

யூசிபி எண்டா மணல், சாம்பல், சாம்பல்-பச்சை மூண்டு மட்டும். கறுப்பு இல்லை.

இனி முக்கியமானது. காமோவைப் பௌச்சில இருந்து சேட்டுக்குத் தொடர்ச்சியா இழுக்காதீங்கோ. ஒவ்வொரு பௌச்சும் வேற வேற துணித் துண்டில வெட்டித் தைச்சது, ஓரத்தில திட்டு அறுந்து நிக்கோணும். பொக்கெட் மூடியும் அப்பிடித்தான். இதொண்டை மாத்தினாலே சாமான் உடம்பில இருந்து பிரிஞ்சு தெரியும்.

ரெண்டாவது, உடுப்பும் சாமானும் ஒரே நிறமா இருக்கக்கூடாது. உடுப்பு நைலோனும் பருத்தியும் பாதிப் பாதி, கழுவக் கழுவ வெளிறும். பௌச்சும் வெஸ்டும் தடிச்ச நைலோன், ஒருத்தரும் கிழமைக்கு ஒருக்காத் தோய்க்கிறதில்லை, அது வேற மாதிரி வெளிறும். அதால சேட், லோங்ஸ் கலவைக்குள்ள கொஞ்சம் வெள்ளை மணல் சேருங்கோ, பௌச்சை ஒரு படி கடுமையா விடுங்கோ. வார்களை இன்னொரு மணல் நிறத்தில. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், தண்ணியாக் கரைச்ச மண்ணிறத்தை மடிப்புக்குள்ள மட்டும் ஓடவிடுங்கோ.

பக்கிளுக்கு வெள்ளி நிறம் அடிக்காதீங்கோ, இந்தக் காலத்துப் பக்கிள் பிளாஸ்டிக். துவக்கும் முழுக் கறுப்பு இல்லை, கடும் சாம்பல் அடிச்சு விளிம்பில பென்சில் கரியைத் தேய்ச்சு விடுங்கோ, உலோகம் மாதிரி வரும்.

14. ஸ்டிக்கர், மட் வார்னிஷ்

அமெரிக்க ஆளுக்கு வலத் தோள் கொடியில நட்சத்திரப் பக்கம் முன்னுக்கு இருக்கோணும். பாக்கிறவைக்குக் கொடி திரும்பின மாதிரித் தெரியும், "அண்ணா, ஸ்டிக்கர் பிழையா அடிச்சிருக்கிறாங்கள்" எண்டு ஒரு பிள்ளை வெட்டித் திருப்பி ஒட்டினவ. பிழை இல்லை, ஆள் முன்னுக்குப் போகேக்க கொடி பின்னுக்குத் தானே பறக்கும்.

ஸ்டிக்கர் ஒட்டுற இடத்தில முதல் கிளொஸ் (பளபளப்பான வார்னிஷ்) பூசுங்கோ, இல்லாட்டிக் கீழ காத்து நிண்டு வெள்ளி மாதிரி மின்னும். பிறகு எல்லாத்துக்கும் பளபளப்பில்லாத மட் வார்னிஷ். இதுக்கு ஸ்ப்ரேயை விடப் பிரஷ்ஷால பூசுற மட் வார்னிஷ் தான் எங்கட ஊருக்குப் பயமில்லாதது. ஸ்ப்ரே அடிச்சு வெள்ளை பூத்திட்டா உடன தேய்க்க வேண்டாம், காய்ஞ்ச நாள் ஒண்டில மேலால கிளொஸ் ஒரு பூச்சு அடிச்சுப் பாருங்கோ, கனக்கத் தரம் மறைஞ்சிடும்.

தூசை அதுக்குப் பிறகு போடுங்கோ. சப்பாத்து, முழங்கால், ரக்சாக் அடி, நிலத்தில படுற இடங்களுக்குக் கூட, தோளுக்கு மேல கொஞ்சம். துவக்கு வாரைக் கடைசியா, எல்லாம் முடிஞ்ச பிறகு மாட்டுங்கோ, முதலே மாட்டினா நெஞ்சில எதுவுமே அடிக்க ஏலாது.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க முதல் மூண்டு நாள் வெளிய காயட்டும், பெட்டிக்குள்ள மருந்துப் போத்தல்ல வாற சிலிக்கா பை ஒண்டு போடுங்கோ. எங்கட வீட்டில அம்மாவுக்கு ஆமிக்காரப் பொம்மை ஹோலில நிக்கிறது விருப்பமில்லை, அவவுக்கு அதுக்குக் காரணமும் இருக்கு, அதால என்ட பெட்டி அறையில அலுமாரிக்குப் பின்பக்கம், வெயிலும் படாது.